உண்மையான காரணம் சொன்னால் அறை மாற்றித் தரப்படும்

ஜூலை 4, வெள்ளி

இன்று முதல் மகளிர் விடுதியின் துணைக் காப்பாளர் நான். "வேதியியல் துறையில உங்களை மாதிரி கறாரான ஆள் வேற யாரு இருக்காங்க மீனலோசனி?" என்றார் முதல்வர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பரவாயில்லை, எனக்குப் பிடித்த வேலைதான்.

விடுதியை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இரண்டு அறைகள். மின்னடுப்பு, குக்கர், நாலு பாத்திரம் கொண்டுவந்து வைத்துவிட்டேன். விடுதிச் சாம்பார் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கும் பொறுப்பு என்னுடையது. பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கினேன். அறைக்கு நாலு பேர், யாருக்கு யார் என்பது குடத்தின் இஷ்டம். காப்பாளர் கோமதி அக்கா பக்கத்தில் நின்று சிரித்தார். இருபது வருடமாக இங்கே இருப்பவர்.

"நல்லாக் குலுக்கு லோசனி. ஆடி முடியறதுக்குள்ள அதுங்களே தன்னால பிரிஞ்சு அடுக்கிக்கும்."

"என்ன அக்கா அடுக்கறது?"

"இரண்டாம் வருசத்துப் பிள்ளைங்க இருக்கிற மாடியில போயிப் பாரு. ரூம் நம்பரைச் சொன்னா எந்தத் தெருப் பிள்ளைங்கன்னு நான் சொல்லிருவேன். நாமளா அப்படிப் போடல. அதுங்களா வந்து கேக்கும், நாம மாத்திக் குடுப்போம். பிள்ளைங்க ஒத்துமையா இருந்தாச் சரி."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வருடம் நடக்காது. நான் இருக்கிறவரை நடக்காது.

ஜூலை 8, செவ்வாய்

ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்திக்கு மின்விசிறிச் சத்தம் ஆகாதாம். ஒருத்திக்கு அறைத் தோழியின் பவுடர் வாசனைக்குத் தும்மல் வருகிறதாம். ஒருத்திக்கு ஜோசியர் மேற்கே தலை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம், கட்டிலைத் திருப்பிப் போடேன் என்றால் முழிக்கிறாள். பதினான்காம் அறையிலிருந்து மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள்: திவ்யலட்சுமி, காவ்யஸ்ரீ, நாகஜோதி. மூன்று பேருக்கும் ஒரே நாளில் முதுகுவலி.

"நாலாவது பிள்ளை சந்தனமாரிக்கு வலிக்கலையா?" என்று கேட்டேன்.

எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். தண்ணீர் மோட்டார் வேறு மக்கர் செய்கிறது.

ஜூலை 9, புதன்

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கூடத்தில் நின்று சட்டம் போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அறை மாற்றம் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். உண்மையான காரணம் சொன்னால் மாற்றித் தருவேன். என்ன காரணமாக இருந்தாலும் திட்ட மாட்டேன், தண்டிக்க மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் காரணத்தை உங்கள் அறைத் தோழிகள் முன்னால், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்."

கோமதி அக்கா என் காதில், "பெரிய ஆளும்மா நீ" என்றார். பிறகு குவார்ட்டர்ஸுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டேன். நன்றாக அமைந்தது.

ஜூலை 14, திங்கள்

ஒருத்தியும் வரவில்லை. முதுகுவலி, தும்மல், ஜோசியம் எல்லாம் ஒரே வாரத்தில் குணமாகிவிட்டன. டாக்டருக்குப் படித்திருக்கலாம் நான்.

ஜூலை 18, வெள்ளி

மோட்டார் போட விடியுமுன் எழுந்தபோது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். பார்த்தால் பதினான்காம் அறை சந்தனமாரி. கணக்கு முதலாண்டு. குளித்து முடித்து, தலையைத் துவட்டியபடி புத்தகத்தோடு மைதானத்துப் பக்கம் போனாள். காவலாளி, "தினமும் நாலு மணிக்கே வந்துரும் மேடம் அந்தப் பிள்ள" என்றார்.

இப்படிப் பிள்ளைகளைப் பார்த்தால்தான் மனது நிறைகிறது. மாலையில் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, விடிகாலையில் எழும் பழக்கத்தைப் பற்றிப் பேசி, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண்.

ஜூலை 24, வியாழன்

முதல்வர் கூப்பிட்டார். வெளியிலிருந்து குழு ஒன்று வருகிறதாம், கல்லூரியில் நல்லிணக்கத்துக்கு என்ன செய்கிறோம் என்று கேட்பார்களாம். "உங்க குலுக்கல் விஷயத்தைச் சொல்லுங்க மீனலோசனி. பத்து நிமிஷம் பேசினாப் போதும். படமெல்லாம் போட்டு."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இங்கே எழுதுவதில் என்ன? முதல் படமாகப் பதினான்காம் அறையைப் போடலாம் என்றிருக்கிறேன். நாலு கட்டில், நாலு பிள்ளைகள், ஒரு புகாரும் கிடையாது. மாடியிலேயே நல்ல அறை அதுதான், மைதானத்தைப் பார்த்த பெரிய ஜன்னல்.

ஜூலை 29, செவ்வாய்

படம் எடுக்கப் போனேன். மூன்று கட்டில்கள் ஒரு சுவரோரம் சேர்ந்து கிடந்தன, ஒன்று மட்டும் கதவுப் பக்கம். படத்துக்கு நன்றாக வராது என்று நானே இழுத்து நேராகப் போட்டேன். பிள்ளைகள் சேர்ந்து நின்றார்கள். சந்தனமாரி சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கணக்குத் துறையில் சொல்கிறார்கள், சந்தனமாரி வகுப்பில் தூங்கி விழுகிறாளாம். முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட இல்லை. நுழைவு மதிப்பெண்ணில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். உதவித்தொகையில் படிக்கிறாள், மதிப்பெண் விழுந்தால் அது நின்றுவிடும், அது நின்றால் படிப்பும் நின்றுவிடும். கூப்பிட்டு, "சீக்கிரம் எழுந்தால் மட்டும் போதாது, சீக்கிரம் படுக்கவும் வேண்டும்" என்று அறிவுரை சொன்னேன்.

"சரி மேடம்" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாலை குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள் சந்தனமாரி. உள்ளே வா என்றேன். வாசலிலேயே நின்றாள்.

"ரூம் மாத்தித் தாங்க மேடம். இருபத்திரண்டாம் ரூம்ல எங்க ஊர்ப் பக்கத்துப் பிள்ளைங்க இருக்காக. கீழ பாய் போட்டுக்கூடப் படுத்துக்கிடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை பேரில் இவளா? இவளுக்காகத்தானே இவ்வளவும்!

"நீயே இப்படிக் கேட்டால் எப்படிம்மா? நீ நிற்க வேண்டாமா? நீ அந்த அறையில் இருப்பதே ஒரு..."

"எனக்குத் தூங்கணும் மேடம்."

இன்னும் நிறையப் பேசினேன். சமத்துவம், துணிச்சல், வரலாறு என்று எதையெல்லாமோ. குழு வருகிறவரையாவது பொறுத்துக்கொள் என்றும் சொல்லிவிட்டேன். அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நான் பாடம் நடத்த வரல மேடம், படிக்க வந்தேன். காரணத்தை அவுக முன்னாடி சொன்னா மாத்தித் தருவேன்னு சொன்னீங்க. நான் சொல்லுறேன்."

புதன்கிழமை மாலை என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

துணி துவைத்தேன். சமைக்கவில்லை, பசி இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

ஐந்து மணிக்குப் பதினான்காம் அறைக்குப் போனேன். கட்டில்கள் பழையபடி மூன்றும் ஒன்றுமாகக் கிடந்தன. திவ்யலட்சுமி, காவ்யஸ்ரீ, நாகஜோதி மூவரும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சந்தனமாரி நின்றாள்.

"நான் நாலு மணிக்கு எந்திரிக்கிறது படிக்கிறதுக்கு இல்ல மேடம். இந்த ரூமுக்கு ஒரு வாளிதான். மொத நாள் நான் குளிச்சுட்டு வாளியக் கொண்டாந்து வச்சேன். நாகஜோதி அதை எடுத்துட்டுப் போயி சோப்புப் போட்டுத் தேச்சா. உள்ள, வெளிய, கைப்பிடி, எல்லாம். அப்புறம்தான் குளிச்சா. அழுக்கா வச்சுட்டோம் போலன்னு மறுநாள் நானே நல்லாத் தேச்சுக் கழுவி வச்சேன். திரும்பவும் தேச்சாக. அப்பத்தான் விளங்குச்சு. நான் எஸ்.சி. மேடம், அதான் காரணம். அந்தத் தேய்க்கிற சத்தம் இருக்கே, அதைக் காதால கேக்க முடியல. அதான் எல்லாருக்கும் முன்னாடி குளிச்சுட்டு மைதானத்துல போயி உக்காந்துக்கிட்டேன். அவுக தேச்சு முடிச்ச பிறகு வருவேன்."

"யாரும் அவளை ஒண்ணுமே சொல்லல மேடம்," என்றாள் திவ்யலட்சுமி. "ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்ல."

"ஆமா. பேசினாத்தான சண்டை வரும்."

நான் கேட்டேன். "இதை ஏன் முன்பே என்னிடம் சொல்லவில்லை?"

"நாலு மணிக்கு எந்திரிக்கிறதுக்கு எல்லாரையும் கைதட்டச் சொன்னீங்க மேடம். அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

எனக்கு முகம் சுட்டது. நாகஜோதி தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். "எங்க வீட்ல அப்படித்தான். வயலுக்கு ஆள் வந்துட்டுப் போனா, அம்மா செம்பைத் தேச்சுத்தான் உள்ள வைக்கும். கை தன்னால போயிருச்சு. ஏன்னு நான் யோசிச்சதே இல்ல."

"இப்ப யோசி," என்றாள் சந்தனமாரி.

திவ்யலட்சுமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உண்மையத்தான சொல்லணும்? சொல்லுறேன். இவகூட ஒரே வாளியில புழங்குறேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போயிருவாரு. எனக்கும் படிக்கணும். எங்களை மட்டும் கேக்குறீங்களே, நீங்க ஒரு நாளாவது எங்ககூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களா மேடம்? தனியாத்தான சமைச்சுக்கறீங்க?"

எனக்கு வயிற்றுக் கோளாறு என்றேன். பதினைந்து வருடமாக என்றேன். சந்தனமாரி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று, "சரி சந்தனமாரி. இருபத்திரண்டுக்குப் பெட்டியை எடுத்துக்கொள்" என்றேன். தோற்றுவிட்டோம் என்றுதான் தோன்றியது.

அவள் பெட்டியை எடுக்கவில்லை. போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததை அதற்கு முன் யாராவது பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

"நான் போகல மேடம்."

"நீதானே கேட்டாய்?"

"ஆமா. இங்க நின்னு வாயைத் திறக்கிறவரைக்கும் போகணும்னுதான் இருந்தேன். சொல்லிக்கிட்டு வரும்போதே தோணுச்சு. வாளியத் தேச்சது நான் இல்லையே? அப்புறம் நான் எதுக்குப் பெட்டியத் தூக்கணும்? என்கூட இருக்க முடியாதவுக போகட்டும். இது நல்ல ரூம். எனக்குப் பிடிச்சிருக்கு."

ஆகஸ்ட் 7, வியாழன்

திவ்யலட்சுமியின் அப்பா வந்திருந்தார். நிர்வாகக் குழுவில் இருப்பவர், வெள்ளைச் சட்டை, உரத்த குரல். முதல்வர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"ஒரு பிள்ளைய மாத்தினா முடிஞ்சு போற காரியம். அதுவே கேட்டுச்சாம்ல. மாத்திவிட்டுட்டுப் போங்களேன் மேடம்."

"அந்தப் பிள்ளை இப்போது கேட்கவில்லை. உங்கள் பெண்தான் ஜூலையிலேயே மாற்றம் கேட்டாள். அன்றைக்கு முதுகுவலி என்றாள். இப்போது உண்மையான காரணத்தைத் தோழி முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். சட்டப்படி மாற்றித் தருகிறேன். நாளைக்கே."

"எந்த ரூமுக்கு?"

"குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்போம். எந்த அறை வருகிறதோ அது."

"அங்கயும் யாரு இருப்பாகளோ..."

"அங்கேயும் ஒரு வாளிதான் சார்."

அவர் எழுந்துவிட்டார். என்னை இந்தப் பொறுப்பில் வைத்திருப்பதா வேண்டாமா என்று குழுவில் பேசப் போவதாகச் சொன்னார். பேசுங்கள் என்றேன். ஆனால் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தினால், ஏன் நிறுத்தினீர்கள் என்று அதே குழுவில் நான் எழுந்து கேட்பேன் என்றும் சொன்னேன். முதல்வர் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திவ்யலட்சுமியின் அப்பா போன பிறகு, "அந்தப் பத்து நிமிஷப் பேச்சு வேண்டாம் மீனலோசனி" என்றார்.

"வேண்டாம்தான். சொல்கிற மாதிரி இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அறை உத்தரவில் கையெழுத்துப் போடுங்கள்."

பேனாவை எடுக்க வெகு நேரம் ஆயிற்று. போட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திவ்யலட்சுமியும், அதே காரணத்தை நேற்று சந்தனமாரி முன்னால் சொன்ன காவ்யஸ்ரீயும் சீட்டில் வந்த அறைகளுக்குப் போனார்கள். திவ்யலட்சுமி கண் சிவந்து இருந்தாள். படிப்பை விடவில்லை, அது போதும் எனக்கு. கோமதி அக்கா ஒரு பக்கம் டிரங்குப் பெட்டியைத் தூக்கியபடி, "இருபது வருசமா நான் ஒரு கையெழுத்துல முடிச்ச வேலை. இப்ப இடுப்பு ஒடியுது உன்னால" என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் பெட்டியை விடவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் நாகஜோதி அசையாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ எடுத்து வைக்கலையா?"

"நான் போகல மேடம். நேத்து ராத்திரிதான் பேசவே ஆரம்பிச்சோம். பயங்கரச் சண்டை. எங்கம்மாவப் பத்திச் சொல்லிட்டா. நானும் சொல்லிட்டேன். பாதியில எந்திரிச்சுப் போகச் சொல்றீங்களா?"

சந்தனமாரியைப் பார்த்தேன். "இருந்தா இருக்கட்டும்," என்றாள். "ஆனா அவ தேச்சா, அவ தேச்ச வாளியில நான் குளிக்க மாட்டேன்."

"நான் தேய்க்கலடி, சொல்லிட்டேன்ல."

"கை தன்னால போகும்னு சொன்னியே."

"போனா அடி."

ஆகஸ்ட் 9, சனி

காலையில் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். கல் மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். வயிறு ஒன்றும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதின்மூன்றாம் அறையிலிருந்து புகார்: பக்கத்து அறையில் சத்தம் தாங்கவில்லையாம். போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே சந்தனமாரி, அவள் ஊர்க் கோயில் திருவிழாவில் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாகஜோதி, "அது எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன தேரா இழுத்தேன்?" என்று கத்தினாள். "தெரியலன்னா கேளு" என்று இவள் கத்தினாள். பிறகு, "சரி சொல்லு" என்று நாகஜோதியின் குரல் கேட்டது.

கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன். புகார் சொன்ன பிள்ளைகளிடம், பேசி முடிக்கட்டும், பஞ்சு வேண்டுமானால் தருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்ததாம். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை நான்தான் துணைக் காப்பாளர். பதினான்காம் அறையின் இரண்டு காலிக் கட்டில்களுக்கு நாளை மறுபடி குடத்தைக் குலுக்கப் போகிறேன். இந்த முறை வெறும் சீட்டோடு நிறுத்தப் போவதில்லை. வாரம் ஒரு மாலை ஒவ்வோர் அறையிலும் போய் உட்காருவேன். படம் எடுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடிகாலையில் மோட்டார் போடப் போனேன். குளியலறையில் யாரும் இல்லை. காவலாளி, "அந்தப் பிள்ள ரெண்டு நாளா வரல மேடம்" என்றார்.

மத்தியானம் கோழிக் குழம்பு. உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாகஜோதி சாப்பிட்டு, தட்டைக் கழுவிவிட்டு, இன்னொரு தட்டோடு மறுபடி வரிசையில் வந்து நின்றாள். சமையல்காரம்மா கரண்டியை நிறுத்திவிட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் கோழி."

"எனக்கு இல்லக்கா, சந்தனமாரிக்கு. இது அவ தட்டு. அவ தூங்குறா."

"மத்தியானம் வரைக்குமா?"

"டிபனுக்கே எந்திரிக்கல. ரெண்டு தடவ எழுப்பப் போனேன். அப்படித் தூங்குறவள எழுப்ப மனசு வரல. கால் பீஸாப் பாத்துப் போடுங்க, இல்லன்னா எந்திரிச்சதும் என்னைத்தான் பிடிச்சுத் திட்டுவா."

சமையல்காரம்மா என்னைப் பார்த்தார். போடுங்கள் என்று தலையாட்டினேன். நாகஜோதி சோற்றையும் குழம்பையும் வாங்கிக்கொண்டு, ஈ மொய்க்காமல் இருக்கத் தன் தட்டையே அதன் மேல் கவிழ்த்து மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் சத்தம் போட்டுச் சிரித்தபடி அவள் பின்னால் படியேறினார்கள். நான் எச்சில் கையோடு எழுந்துபோய் அவர்களை நிறுத்தி, மெதுவாகப் போங்கள், பதினான்காம் அறையில் ஒரு பிள்ளை தூங்குகிறாள் என்றேன்.